மாடும் பிடிக்க வேண்டும், மாட்டுக்காரரும் பிடிக்க வேண்டும்

"என் பையனுக்கு நாய், பூனைன்னா உயிரு சார். பயாலஜியும் நல்லாப் படிக்கிறான். எதுல சேக்கலாம்?" மே மாதம் பிறந்தால் இந்தக் கேள்வியோடு யாராவது ஒருவர் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார். பல வருஷம் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்தியவன், பதிலைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பான் என்று நினைப்பு. நான் அப்பாவை விட்டுவிட்டுப் பையனிடம் கேட்பேன்: "தம்பி, நாயைக் கொஞ்சப் பிடிக்குமா? நாய்க்கு வயிற்றால் போனால் கழுவிவிடப் பிடிக்குமா? அது ஏன் படுக்கும் முன் மூன்று சுற்றுச் சுற்றுகிறது என்று உட்கார்ந்து யோசிக்கப் பிடிக்குமா?"

கழுவிவிடுபவருக்கு ஒரு தொழில் இருக்கிறது. யோசிப்பவருக்கு வேறொரு தொழில் இருக்கிறது. கொஞ்சுவதற்கு மட்டும் யாரும் சம்பளம் தருவதில்லை.

விலங்கு சார்ந்த வேலைகளைப் பற்றிய புத்தகங்களில் அட்டைப்படமாக வருவது அந்த வேலையின் மிக அழகான ஐந்து நிமிடம். மீதி நாள் முழுக்க என்ன நடக்கிறது என்பதைப் பார்க்காமல் படிப்பில் சேர்ந்து, மூன்றாம் ஆண்டில் முகம் வாடி வந்தவர்களை எனக்குத் தெரியும். அதனால் இந்த அத்தியாயத்தில் ஒவ்வொரு தொழிலின் அலுப்பூட்டும் பொழுதைத்தான் முதலில் சொல்லப்போகிறேன். அந்தப் பொழுது உங்களுக்குச் சகித்துப்போனால் மற்றது தானாக நடக்கும். சேர்க்கை விதிகளும் இட எண்ணிக்கையும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். விண்ணப்பிக்கும்போது அந்த ஆண்டின் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாணி நாற்றம் மாறாது.

கால்நடை மருத்துவம்

தோள்வரை நீளும் ஒரு பிளாஸ்டிக் கையுறை. அதை மாட்டிக்கொண்டு பசுவின் ஆசனவாய் வழியே கையை விட்டு, குடல் சுவருக்கு அப்பால் கருப்பையைத் தடவிப் பார்த்துச் சினையா இல்லையா என்று சொல்ல வேண்டும். பசு அந்த நேரம் பார்த்துச் சாணி போடும். வாலைச் சுழற்றி முகத்தில் அடிக்கும். ஒரு கிராமக் கால்நடை மருந்தகத்தில் இது சாகசக் கதையாகாது; காலை நேரத்து வாடிக்கை.

இன்னொரு வாடிக்கை சினை ஊசி. பசு சுமார் 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். அந்தப் பருவம் அரை நாளிலிருந்து முக்கால் நாள்வரைதான் நிற்கும். காலையில் கத்தினால் மாலையில் ஊசி, மாலையில் கத்தினால் மறுநாள் காலை ஊசி என்பது நடைமுறைக் கணக்கு. காளையின் விந்து மெல்லிய குழல்களில், மைனஸ் 196 டிகிரித் திரவ நைட்ரஜனில் உறைந்திருக்கும். அதை எடுத்து வெதுவெதுப்பான நீரில் உருக்கி, சரியான இடத்தில் வைக்க வேண்டும். இதெல்லாம் கல்லூரி கற்றுத் தரும். கற்றுத் தராத ஒன்று உண்டு. ஒற்றைப் பசுவை வைத்துச் சங்கத்துக்குப் பால் ஊற்றிக் குடும்பம் நடத்தும் அம்மா, "மூணாவது தடவையும் நிக்கலியேப்பா" என்று கேட்கும்போது என்ன சொல்வது என்பது. மாடு எப்போது கத்தியது என்று அவருக்குச் சரியாக நினைவிருக்காது. நாட்டு வைத்தியரிடம் ஏற்கெனவே ஒரு உருண்டை வாங்கிக் கொடுத்ததைச் சொல்ல மாட்டார். தீவனத்தில் தாது உப்பு சேர்க்கச் சொன்னால் தலையாட்டிவிட்டுச் சேர்க்க மாட்டார், காசு இல்லாததால். நோயாளி பேசாது, அதற்காகப் பேசுபவர் பாதிதான் பேசுவார். இந்தப் பாதியிலிருந்து முழுதைப் பிடிக்கும் பொறுமை இருந்தால் நீங்கள் மருத்துவராகலாம். மாடு பிடித்து மாட்டுக்காரர் பிடிக்கவில்லை என்றால் ஆராய்ச்சிப் பக்கம் போய்விடுங்கள், இருவருக்கும் நல்லது.

அடைப்பான் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். நேற்றுவரை மேய்ந்த மாடு திடீரென்று செத்துக் கிடக்கும். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம். அடைப்பான் என்று சந்தேகம் வந்துவிட்டால் அந்த உடலை அறுக்கவே கூடாது. காற்றுப் பட்டதும் அந்தக் கிருமி விதைபோல ஓடு கட்டிக்கொண்டு மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். "தோலையாவது உரிச்சுக்கிறோமே, கறியாவது ஆவட்டுமே" என்று கூடி நிற்பவர்களிடம் இதைச் சொல்லி, அவர்களைச் சம்மதிக்க வைத்து, குழி தோண்ட ஆள் பிடிப்பது யார் வேலை? டாக்டர் வேலைதான்.

பெண் பிள்ளைகளின் பெற்றோர் ஒரு கேள்வி கேட்பார்கள்: "கன்னு மாட்டிக்கிட்டா இழுக்கத் தெம்பு வேணுமே?" கன்று தலை மடங்கியோ கால் மடங்கியோ வழியில் சிக்கிக்கொண்டால் ஊர் ஆண்கள் நாலு பேர் கயிறு கட்டி இழுப்பார்கள், தாயும் போகும், கன்றும் போகும். படித்தவர் முதலில் செய்வது, முதுகுத் தண்டில் மரப்பு ஊசி போட்டு, வழுக்கத்துக்கு எண்ணெய்ப் பசை விட்டு, கன்றை உள்ளே தள்ளுவது. உள்ளே இடம் கிடைத்ததும் மடங்கிய காலை நிமிர்த்தி, அப்புறம்தான் இழுக்க வேண்டும். கை மெலிந்திருந்தால் இதற்கு வசதி. இன்று கால்நடைக் கல்லூரி வகுப்புகளில் போய்ப் பாருங்கள், எத்தனை பெண்கள் என்று.

படிப்பின் பெயர் பி.வி.எஸ்சி. அண்ட் ஏ.எச்.; உள்ளுறைப் பயிற்சியும் சேர்த்து ஐந்தரை ஆண்டு. சென்னையில் 1903இல் தொடங்கிய கல்லூரிதான் இன்று வேப்பேரியில் இருப்பது. 1989இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் அமைந்தது. அதன்கீழ் வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, சேலம் தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி என ஏழு கல்லூரிகள். மாநில இடங்களுக்கு நீட் கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண் போதும். 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு மட்டும் நீட் மதிப்பெண் பார்ப்பார்கள். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இங்கேயும் உண்டு என்பதைப் பல அரசுப் பள்ளிப் பிள்ளைகளே அறியாமல் இருக்கிறார்கள். போட்டி கடுமையானது, கட்-ஆஃப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். பயோ-மேக்ஸ் எடுத்து இந்தக் கட்-ஆஃப் எட்டாதவர்கள் இதே பல்கலைக்கழகத்தின் பி.டெக். படிப்புகளைப் பார்க்கலாம்: ஓசூரில் கோழியினத் தொழில்நுட்பம், கொடுவள்ளியில் பால்வளத் தொழில்நுட்பமும் உணவுத் தொழில்நுட்பமும். விலங்கைத் தொடுவது குறையும், இயந்திரத்தைத் தொடுவது கூடும்.

படித்து முடித்தால் எல்லாரும் எதிர்பார்ப்பது அரசு மருந்தகத்தில் கால்நடை உதவி மருத்துவர் பணி. டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பு ஆண்டுதோறும் வராது. வரும்போது ஏராளமானோர் காத்திருப்பார்கள். இடைப்பட்ட காலத்தில் நாமக்கல் முட்டைக்கோழிப் பண்ணைகள், பல்லடம் பக்கத்துக் கறிக்கோழி நிறுவனங்கள், பால் நிறுவனங்கள், மருந்து, தீவன நிறுவனங்கள் வேலை தருகின்றன. பண்ணை வேலையில் ஒரு நோயாளி என்பது கிடையாது. ஒரு கொட்டகையில் ஆயிரக்கணக்கான கோழி. செத்ததில் நாலைந்தை அறுத்துப் பார்த்து, மிச்சத்தைக் காப்பாற்ற முடிவெடுக்க வேண்டும். 'உயிரைக் காப்பாற்றும்' கனவோடு வந்தவருக்கு இந்தக் கணக்கு முதலில் கசக்கும்.

இந்தப் பட்டத்தோடு போகக்கூடிய, பலர் யோசிக்காத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். பொதுத்துறை வங்கிகளில் வேளாண் கள அலுவலர். உணவுப் பாதுகாப்பு அலுவலர். ராணுவத்தில் குதிரை, கோவேறு கழுதை, மோப்ப நாய்களைக் கவனிக்கும் ரிமவுண்ட் வெட்டர்னரி கோர். துறைமுகம், விமான நிலையத்தில் விலங்குத் தடுப்புக்காப்பு.

நகரத்துச் செல்லப்பிராணி மருத்துவமனை வேறு உலகம். பணம் உண்டு; சொந்தமாகத் தொடங்க முதலீடும் வேண்டும். அங்கே கடினமான பொழுது நள்ளிரவு அறுவை சிகிச்சை என்று நினைப்பீர்கள். பதின்மூன்று வயது நாயைக் கடைசி ஊசி போட்டுத் தூங்க வைத்துவிட்டு, அழும் குடும்பத்திடம் ரசீதை நீட்டும் பொழுதுதான் கடினம் என்று என் பழைய மாணவி ஒருத்தி சொன்னாள். எந்தப் பிரிவானாலும் வெறிநோய்த் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொண்டுதான் இந்த வேலையில் காலெடுத்து வைக்க வேண்டும். இதில் தைரியம் காட்ட வேண்டாம்.

மீனும் இறாலும்

தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977இல் வந்தது. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகம் 2012இல். பி.எஃப்.எஸ்சி. நான்கு ஆண்டு. கடல் பிடித்திருந்தால் போதும் என்று சேர்கிறார்கள். வேலையின் பெரும்பகுதி குளத்தங்கரையில். இறால் பண்ணையில் ஆபத்தான நேரம் விடியலுக்கு முந்தைய இரண்டு மணி நேரம்: இரவெல்லாம் பாசியும் இறாலும் மூச்சு விட்டு நீரிலிருக்கும் ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு வந்திருக்கும். ஏரேட்டர் நின்றுபோனால் ஒரு சாகுபடி மொத்தமும் காலையில் செத்துக் கிடக்கும். ஆகவே மூன்று மணிக்கு எழுந்து டார்ச்சும் மீட்டருமாகக் கரையில் நடப்பவர்தான் டெக்னீஷியன். செக் ட்ரேயைத் தூக்கிப் பார்த்து, தீவனம் மீந்திருக்கிறதா, இறாலின் குடல் நிறைந்திருக்கிறதா, ஓட்டில் வெள்ளைப்புள்ளி தெரிகிறதா என்று பார்ப்பவரும் அவரே. மரக்காணம் கரையோரக் குஞ்சு பொரிப்பகங்களில் வேலை கிடைப்பது ஒப்பீட்டளவில் எளிது, தனிமைதான் கஷ்டம். ஆராய்ச்சி வேண்டுமென்றால் சென்னையில் உவர்நீர் மீன் வளர்ப்பு மையம், மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம். வண்ண மீன் வளர்ப்பைச் சின்னத் தொழில் என்று தள்ளாதீர்கள். கொளத்தூரை ஒரு ஞாயிற்றுக்கிழமை சுற்றி வந்தால் புரியும்.

காடு: சீருடை வழி

காட்டுக்குள் போக இரண்டு வாசல். ஒன்று சீருடை, மற்றது நோட்டுப் புத்தகம்.

சீருடை வாசலில் உயரத்தில் இருப்பது இந்திய வனப்பணி. யு.பி.எஸ்.சி. தேர்வு எழுத, விலங்கியல், தாவரவியல், வேதியியல், கால்நடை அறிவியல் போன்ற பாடங்களில் ஒன்றோடு பட்டம், அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும். முதல்நிலைத் தேர்வு ஐ.ஏ.எஸ். எழுதுவோருக்கும் இதற்கும் ஒன்றே. கடைசியில் ஒரு நடைத்தேர்வு உண்டு: நான்கு மணி நேரத்தில் ஆண்கள் 25 கிலோமீட்டர், பெண்கள் 14 கிலோமீட்டர். மாநில அளவில் உதவி வனப் பாதுகாவலர், வனச்சரகர், வனவர், வனக்காப்பாளர், வனக்காவலர் என்று படிகள் இறங்குகின்றன. வனக்காப்பாளர், வனக்காவலர் இடங்கள் இப்போது டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வோடு சேர்ந்துவிட்டன. வனவியல் பட்டப்படிப்புக்கு மேட்டுப்பாளையம் கல்லூரி இருக்கிறது.

அலுப்பான பொழுது? கோப்பு, நீதிமன்றம், கூட்டம். யானை வாழைத்தோட்டத்துக்குள் வந்துவிட்டது என்று இரவு இரண்டு மணிக்குப் போன் வரும். போய் நின்றால் யானையைச் சமாளிப்பது எளிது. சுற்றிச் செல்போனைத் தூக்கிப் பிடித்து நிற்கும் ஊரைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. 2023இல் கம்பம் ஊருக்குள் நடந்த அரிக்கொம்பன் யானையை எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். பிறகு மயக்க ஊசி போட்டுப் பிடித்து, தெற்கே களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக் காட்டில் விட்டார்கள். திரையில் தெரியாதது ஒன்று: மயக்க மருந்தின் அளவை உடல் எடைக்குத் தக்கபடி போட வேண்டும், காட்டு யானையைத் தராசில் ஏற்ற முடியாது. கண்ணால் எடை போட்டு மருந்தளவைத் தீர்மானிக்கும் வனக் கால்நடை மருத்துவர் என்று ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருப்பார். கால்நடை மருத்துவம் படித்துக் காட்டுக்கு வருவோருக்கான மிகக் குறுகிய கதவு அது. இடங்கள் மிகச் சில.

காடு: நோட்டுப் புத்தக வழி

காட்டுயிர் ஆராய்ச்சி என்றதும் புலியின் கண்ணோடு கண் பார்க்கும் படம் மனதில் வரும். உண்மையில் நீங்கள் பார்க்கப்போவது புழுக்கை. மானும் வரையாடும் எத்தனை என்று கணக்கிட, நேர்கோட்டில் நடந்து, குறித்த சதுரத்துக்குள் எத்தனைப் புழுக்கைக் குவியல் என்று எண்ணுவார்கள். சோலைமந்திக் கூட்டத்தின் பின்னால் விடியலிலிருந்து இருட்டும்வரை நடந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 'தின்கிறது, உட்கார்ந்திருக்கிறது, தின்கிறது' என்று எழுதுவார்கள். அட்டை கடிக்கும். ஆறு மாதம் இப்படிச் சேர்த்ததை அறைக்குள் உட்கார்ந்து ஆறு மாதம் கணினியில் அலச வேண்டும். ஆகவே பிளஸ் டூவில் கணக்கை ஒழித்துவிட்டோம் என்று பியூர் சயின்ஸ் பக்கம் வந்து நிம்மதி அடைந்தவர்களுக்கு ஒரு செய்தி: புள்ளியியல் உங்களுக்காகக் காட்டிலேயே காத்திருக்கிறது. நான் வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் கடைசி பெஞ்சில் ஒரு பெருமூச்சு கேட்கும்.

மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரி, காட்டுயிர் உயிரியலில் எம்.எஸ்சி. நடத்தத் தொடங்கிய இந்தியாவின் முன்னோடிக் கல்லூரிகளில் ஒன்று. காவிரிக் கரைச் சிற்றூரில் படித்து நாடெங்கும் காடுகளில் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் பக்கத்து மாவட்டத்துப் பெற்றோருக்கே அது தெரியவில்லை. டேராடூனில் 1982இல் தொடங்கிய இந்திய வனவிலங்கு நிறுவனமும், பெங்களூரு தேசிய உயிரியல் ஆய்வு மையமும் நடத்தும் எம்.எஸ்சி. படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு கடினம், இடங்கள் குறைவு. கோவை ஆனைகட்டியில் உள்ள சலீம் அலி பறவையியல் மையம் 2023 முதல் டேராடூன் நிறுவனத்தின் தென்னிந்திய மையமாகிவிட்டது.

இந்த ஆராய்ச்சி ஊருக்கு என்ன தரும் என்று கேட்பவர்களுக்கு வால்பாறையைக் காட்டுவேன். மைசூருவைச் சேர்ந்த நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் அங்கே யானைகளின் வழித்தடத்தை ஆண்டுக்கணக்கில் குறித்து வந்தார்கள். பெரும்பாலான சாவுகள் யானை பக்கத்தில் இருப்பது தெரியாமல் இருட்டில் நடந்தவர்களுக்கு நேர்ந்தவை என்று கண்டார்கள். அதன்பின் மாலையில் யானை எங்கே நிற்கிறது என்று தோட்டத் தொழிலாளர்களுக்குக் குறுஞ்செய்தி போனது. உள்ளூர் கேபிள் டிவியில் ஓடியது. முக்கியமான இடங்களில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆய்வின் முடிவு ஒரு விளக்காக நின்றது என்பதால் அது எனக்குப் பிடித்த உதாரணம்.

பணத்தைப் பற்றி மறைக்காமல் பேசுவோம். திட்டப் பணிகள் ஒன்றிரண்டு ஆண்டு ஒப்பந்தம், ஊதியம் சொற்பம், முடிந்ததும் அடுத்ததைத் தேட வேண்டும். சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கினால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் கிடைக்கிறது. முனைவர் பட்ட ஆண்டுகளை அதில் ஓட்டிவிடலாம். அதற்கப்புறம்? "பர்மனென்ட் எப்ப?" என்று கல்யாண வீடுகளில் கேட்பார்கள். முப்பது வயதுவரை இந்தக் கேள்விக்குச் சிரித்து நகர முடிகிறவர்கள் இந்த வாசலில் நுழையலாம். வீட்டில் உடனடிச் சம்பளம் தேவைப்படுகிறவர்கள் வேறு வழியில் வந்து விடுமுறையில் காட்டைப் பார்ப்பதே நல்லது. அதில் இழுக்கு ஒன்றுமில்லை. தமிழில் சூழலியல் எழுத்துக்குப் பெரிதும் பங்களித்த சு. தியடோர் பாஸ்கரன் அஞ்சல் துறையில் தலைமை அஞ்சல் அதிகாரியாக ஓய்வு பெற்றவர்.

சின்ன உயிர்கள்

என்னைக் கேட்டால் இந்த அத்தியாயத்தில் மிகவும் புறக்கணிக்கப்பட்ட வழி இதுதான். புலிக்குப் பின்னால் ஆயிரம் பேர் நிற்கிறார்கள். கொசுவுக்குப் பின்னால் ஆள் இல்லை.

புதுச்சேரியில் 1975 முதல் நோய்பரப்பிகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் எம்.எஸ்சி. அங்கே படிக்கலாம், விலங்கியல் பட்டதாரிகளுக்குப் பொருத்தமான படிப்பு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். மழை வந்ததும் பொரியும். ஆகவே பழைய டயர், ஆட்டுக்கல், ஃபிரிட்ஜின் பின்தட்டு என்று வீடு வீடாகக் கவிழ்த்துப் பார்த்துப் புழுக்களைச் சிறு குழாயில் உறிஞ்சி எடுத்து, நுண்ணோக்கியில் இனம் பிரிக்க வேண்டும். வீட்டுக்காரர்கள் கதவைத் திறக்க யோசிப்பார்கள், ஏதோ வரி வசூல் என்று. மையத்தின் ஆய்வாளர்கள் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமக்கும் ஏடிஸ் கொசுக்களை உருவாக்கியிருக்கிறார்கள். அந்தக் கொசுவுக்குள் டெங்கு வைரஸ் பெருகுவது குறைகிறது.

2008இல் கோவைப் பக்கம் பப்பாளி மரங்களில் வெள்ளை மாவு அப்பியதுபோல ஒரு பூச்சி தோன்றியது. பப்பாளியில் நிற்காமல் மல்பெரி, மரவள்ளி, பருத்தி என்று பரவியது. மருந்தடித்து ஓய்ந்தார்கள். 2010இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து, கடுகைவிடச் சிறிய ஒரு குளவியைப் பெங்களூருக்குக் கொண்டுவந்து, பெருக்கி, தமிழ்நாட்டு வயல்களில் விட்டார்கள். அந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே தின்று வெளிவரும். சில மாதங்களில் பூச்சி அடங்கியது. விவசாயிகளில் பெரும்பாலோர் தங்களைக் காப்பாற்றியதைக் கண்ணால் பார்த்ததே இல்லை. குளவியை ஊட்டி வளர்த்து அட்டையில் ஒட்டி விற்பதே ஒரு தொழில். உயிரியல் கட்டுப்பாட்டு ஆய்வகங்களுக்கு ஆள் தேவைப்படுகிறது. வேளாண் பூச்சியியல் வழியாகவும், விலங்கியல் வழியாகவும் இங்கே வரலாம்.

வெறும் பி.எஸ்சி. விலங்கியலோடு நின்றுவிட்டால் கதவுகள் குறைவு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எம்.எஸ்சி., பி.எட். முடித்துப் பள்ளி ஆசிரியர், நெட் அல்லது செட் முடித்துக் கல்லூரி, மருத்துவ ஆய்வகம், மருந்து நிறுவனம் என்று ஒரு அடுத்த படியை முதலாண்டிலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். உயிரினங்களுக்குப் பெயரிட்டு வகைப்படுத்தும் வேலையில் ஆசையிருந்தால், 1916இல் தொடங்கிய இந்திய விலங்கியல் ஆய்வகம் இருக்கிறது. சென்னையிலும் அதற்கு மையம் உண்டு.

பட்டம் கேட்காத அறிவு

மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978இல் தொடங்கியது, ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, சில வாரம் வைத்து நஞ்சு எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுவார்கள். பாம்புக்கடிக்கு ஏற்றும் மருந்து இந்த நஞ்சிலிருந்துதான் தயாராகிறது. சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரையும் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு மலைப்பாம்பு தேட அழைத்துப் போனார்கள். 2023இல் பத்மஸ்ரீ வந்தது. முதுமலைத் தெப்பக்காட்டில் யானைக்குட்டிகளை வளர்த்த பெள்ளி, அவர் தோன்றிய ஆவணப்படம் ஆஸ்கர் வாங்கிய பிறகு 2023இல் அரசுப் பணியில் காவடியாக, அதாவது பாகனின் உதவியாளராக, நியமிக்கப்பட்டார். தமிழ்நாட்டில் அந்தப் பணிக்கு வந்த முதல் பெண். இவை தலைமுறையாக வந்த அறிவு. யூடியூப் பார்த்து ஒரு கொக்கியை வாங்கிக்கொண்டு பாம்பு பிடிக்கக் கிளம்பும் இளைஞர்களை இந்த வரிசையில் சேர்க்க மாட்டேன். அனுமதியில்லாமல் காட்டுயிரைக் கையாள்வது சட்டப்படி குற்றம். விரியன் அதற்கு முன்னாலேயே தண்டித்துவிடும்.

நாய்ப் பயிற்சி, பராமரிப்பு, நாய் விடுதி ஆகியவை நகரங்களில் வளரும் சிறுதொழில்கள். பத்து நாய்க்கு இடம் தேடும்போது பக்கத்து வீட்டுக்காரரிடம் முதலில் பேசிவிடுங்கள்.

சேரும் முன் ஒரு கோடை

பிளஸ் ஒன் படிக்கும் ஜனவரியிலிருந்து அந்தக் கோடை முடியும்வரை இதற்கென நாள் ஒதுக்குங்கள். காசு செலவில்லை.

சென்னையில் இருந்தால் ஜனவரியிலிருந்து ஏப்ரல்வரை, 1988 முதல் மாணவர்கள் நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்புக் குழுவின் இரவு நடையில் சேரலாம். நள்ளிரவில் தொடங்கி விடியும்வரை மணலில் நடந்தும் ஒரு ஆமைகூட வராத இரவு உண்டு. வலையில் சிக்கிச் செத்து ஒதுங்கிய ஆமைகளை மட்டும் எண்ணித் திரும்பும் இரவும் உண்டு. அடுத்த வாரமும் போகத் தோன்றினால், நோட்டுப் புத்தக வாசல் உங்களுக்குத்தான். கடற்கரை இல்லாத ஊரில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு இருக்கிறது: வீட்டுப் பக்கத்துக் கண்மாயில் பதினைந்து நிமிடம் நின்று பார்த்த பறவைகளை எண்ணிப் பதிவிட வேண்டும். எட்டு நீர்க்காகமா ஒன்பதா என்று மறுபடி எண்ணத் தோன்றுகிறதா, ஏறத்தாழ என்று போட்டுவிட்டு வரத் தோன்றுகிறதா என்று கவனியுங்கள்.

மருத்துவப் பக்கம் சாய்வு இருப்பவர்கள் அருகிலுள்ள அரசுக் கால்நடை மருந்தகத்துக்குக் காலை எட்டு மணிக்குப் போங்கள். டாக்டரிடம் அனுமதி கேட்டு ஓரமாக நில்லுங்கள். பெரும்பாலும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், பிளஸ் டூ பிள்ளை ஆர்வமாக வந்தது என்று டீ கூட வாங்கித் தருவார்கள். ஒரு நாள் போதாது, ஒரு வாரம் போங்கள். செவ்வாயோ வெள்ளியோ, உங்கள் ஊர்ச் சந்தை நாளுக்கு மறுநாள் கூட்டம் அதிகம் இருக்கும். புதிதாக வாங்கிய ஆடுகளோடு வருவார்கள். மடிநோய் வந்த மாட்டின் காம்பைப் பீய்ச்சும்போது வரும் திரிந்த பாலைப் பாருங்கள். நஞ்சுக்கொடி விழாத மாட்டின் வாடையை ஒருமுறை முகருங்கள். கூட வந்தவர் டாக்டரிடம் என்ன சொல்கிறார், எதை விட்டுவிடுகிறார் என்று கேளுங்கள். கூட்டம் குறைந்ததும் டாக்டரிடம், நேற்று ராத்திரி எத்தனை மணிக்கு யார் கூப்பிட்டார்கள் என்று விசாரியுங்கள்.

பழைய செருப்பு போட்டுக்கொண்டு போங்கள். மாட்டின் பின்னங்காலுக்கு நேர் பின்னால் நிற்காதீர்கள். கையில் சிராய்ப்பு இருந்தால் எதையும் தொட வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.